சுவருக்குப் போர்வை போர்த்துவதற்கு முன் கூரைப் பீலியைப் பாருங்கள்

வணக்கம் உறவுகளே. இன்றைக்கு நான் நிற்பது லண்டன் ஈஸ்ட் ஹாமில், என் வீட்டின் பின்வளவில். காற்று கொஞ்சம் பலம், குரல் கேட்காவிட்டால் கீழே சொல்லுங்கள்.

போன வாரம் எங்கள் தெருவில் எல்லாக் கதவுக்குள்ளும் ஒரு துண்டுச்சீட்டு விழுந்தது. வெளிச்சுவருக்கு இன்சுலேஷன் (சூடு வெளியே போகாமல் சுவருக்கு மேல் பலகை ஒட்டிப் பூசுவது), அரசாங்கத் திட்டம், உங்கள் கையால் ஒரு சதமும் வேண்டாம் என்று. அதைப் படம் பிடித்து அனுப்பி "அண்ணை, செய்யலாமா?" என்று ஐந்து பேர் கேட்டுவிட்டீர்கள். செய்யலாம். ஆனால் எங்கள் வீடுகள் நூறு வருடம் தாண்டியவை. அவற்றின் சுவர் எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமல் மேலே போர்த்தினால் வம்பை விலைக்கு வாங்கியதாகிவிடும். இலவசமாக வந்தாலும் வம்பு வம்புதான்.

கேமராவைக் கிட்டக் கொண்டு போகிறேன். இந்த வரிசையைப் பாருங்கள். ஒரு நீளச் செங்கல், பக்கத்தில் ஒரு குட்டைக் கல், மறுபடி நீளம், மறுபடி குட்டை. அந்தக் குட்டை உண்மையில் குட்டை இல்லை. சுவருக்குக் குறுக்கே படுத்திருக்கிற முழுக் கல்லின் தலை அது. அதாவது இது நடுவில் இடைவெளி இல்லாத, 9 அங்குல ஒற்றைச் சுவர். இடைவெளி விட்டு இரட்டையாகக் கட்டுவது இங்கே பரவலானது 1920களுக்குப் பிறகுதான். ஒற்றைச் சுவரால் வெளியே போகிற சூடு, அந்த இரட்டைச் சுவரால் போவதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. அதனால்தான் ஹீட்டிங் போட்டுக்கொண்டே குளிரில் இருக்கிறோம்.

இப்போது சாவியால் இந்தக் கல் இடுக்கைச் சுரண்டுகிறேன். மாவு மாவாக உதிர்கிறது, தெரிகிறதா? இது சுண்ணாம்பு. மழைத் தண்ணீரைச் செங்கல் குடிக்கும், வெயிலும் காற்றும் வரும்போது இந்தச் சுண்ணாம்பு வழியாக வெளியே விட்டுவிடும். ஊரில் எங்கள் பழைய வீடுகளும் சுண்ணாம்புச் சாந்துதானே. சரி, இந்தப் பக்கம் வாருங்கள். இங்கே யாரோ பிற்காலத்தில் இடுக்குகளில் சீமெந்து அடைத்திருக்கிறார்கள். சுரண்டினால் சாவிதான் தேய்கிறது. அதற்குப் பக்கத்துக் கல்லைப் பாருங்கள், முகமே உரிந்து போயிருக்கிறது. தண்ணீருக்கு இடுக்கால் போக வழியில்லை. கல்லுக்குள்ளேயே நின்று, பனிக்காலத்தில் உறைந்து, விரிந்து, முகத்தைத் தள்ளிவிட்டது. இப்படி ஊறிப்போன சுவருக்கு மேல் ஃபோம் பலகை ஒட்டினால் என்ன ஆகும்? ஈரம் உள்ளே, உங்கள் கட்டில் பக்கம் வரும்.

இனி உண்மையில் நடந்த ஒரு கதை. மூன்று தெரு தள்ளி எனக்குத் தெரிந்த அண்ணை ஒருவர் இருக்கிறார். இரண்டு வருடத்துக்கு முன் பின்சுவர் முழுக்க இன்சுலேஷன் செய்தார்கள். நான்கே நாளில் வேலை முடிந்தது. வெள்ளைப் பூச்சு, பார்க்க மணவறை மாதிரி. இந்த மாரியில் "தம்பி, நடக்கும்போது நிலம் தாழுது" என்று கூப்பிட்டார். நான் போய் முதலில் எண்ணியது ஏர் பிரிக்குகளை. நிலத்தோடு ஒட்டி ஓட்டை ஓட்டையாக ஒரு கல் இருக்குமே, அது. பக்கத்து வீட்டுப் பின்சுவரில் இரண்டு. அண்ணையின் வீட்டில் ஒன்றும் இல்லை. பூச்சைத் தட்டிப் பார்த்து, அண்ணையிடம் கேட்டு, வெட்டினோம். 90 மில்லிமீட்டர் ஃபோமுக்குப் பின்னால் பத்திரமாக மூடுண்டு கிடந்தது.

இந்த வீடுகளின் நிலம் மரப்பலகை. அதற்குக் கீழே வெறும் வெளி. அந்த வெளிக்குக் காற்றுப் போகத்தான் அந்த ஓட்டைக் கல். அதை அடைத்துவிட்டால் கீழே ஈரம் தேங்கும். நாங்கள் ஒரு பலகையைக் கிளப்பினோம். முதலில் வந்தது மணம், நனைந்த சாக்கை மூடி வைத்தது போல. பலகையைத் தாங்குகிற மரத்தின் நுனியில், சுவருக்குள் போகிற இடத்தில், ஸ்க்ரூட்ரைவரை வைத்தேன். அவித்த வத்தாளங்கிழங்கில் இறங்குவது போல இறங்கியது. ஏர் பிரிக் முன்னால் ஒரு சிறு குழாய்த் துண்டைச் செருகி வெளிப்பூச்சு வரை கொண்டு வந்திருந்தால் போதும். வேறு ஒன்றும் வேண்டாம்.

இது அண்ணையின் தலையெழுத்து மட்டும் இல்லை. 2025 அக்டோபரில் இங்கத்தைய தேசியக் கணக்காய்வு அலுவலகம் அறிக்கை விட்டது. ஈகோ 4, கிரேட் பிரிட்டிஷ் இன்சுலேஷன் ஸ்கீம் என்ற இரண்டு அரசாங்கத் திட்டங்களில் வெளிச்சுவர் செய்த வீடுகளில் 98 சதவீதத்தில் திருத்தியே ஆகவேண்டிய பெரிய குறைகள் இருப்பதாக. 22,000 வீடுகளுக்கு மேல். உட்பக்கம் செய்த வீடுகளில் அது 29 சதவீதம். நான் முதலில் எழுத்துப்பிழை என்று நினைத்தேன். பிரெஸ்டனில் ஃபிஷ்விக் பகுதியில் 2013 வாக்கில் 300க்கும் மேற்பட்ட வீடுகள் இப்படித்தான் பாழாகின. அதற்குப் பிறகு 2016இல் ஒரு மறுஆய்வு, 2019இல் பாஸ் 2035 என்று தரவிதி, எல்லாம் வந்தது. காகிதத்தில் குறை இல்லை, ஏணியில் ஏறுகிறவர் அதைப் படித்தாரா என்பதுதான் கேள்வி.

குறை பெரும்பாலும் பலகையில் இல்லை, பலகை முடிகிற ஓரங்களில். மேலே பாருங்கள். என் கூரை சுவரைத் தாண்டி இவ்வளவுதான் நீட்டிக்கொண்டிருக்கிறது, நாலு விரல் வராது. 100 மில்லிமீட்டர் பலகை வைத்தால் சுவர் கூரைக்கு வெளியே வந்துவிடும். அப்போது கூரையோரத்தை நீட்டி, மழைத் தண்ணீர் ஓடுகிற பீலியையும் வெளியே தள்ள வேண்டும். அது செலவு. ஆகவே சிலர் மேல் விளிம்பில் ஒரு தகடு வைத்துச் சிலிக்கோன் பூசிவிட்டுப் போகிறார்கள். சிலிக்கோன் ஒருநாள் வெடிக்கும். பிறகு மழை பலகைக்குப் பின்னால் இறங்கும், வெளியே ஒன்றும் தெரியாது.

யன்னல் ஓரமும் அப்படித்தான். சுவர் முழுக்கப் போர்த்திவிட்டு யன்னலைச் சுற்றி உட்திரும்புகிற அந்த விளிம்பை விட்டுவிட்டால், வீட்டில் குளிராக இருக்கிற இடம் அது ஒன்றுதான். முன்பு சுவர் முழுக்கப் பரவி இருந்த ஈரம் இப்போது அங்கே போய்ப் படியும். கறுப்புப் பூஞ்சணம் யன்னல் மூலையில் தொடங்குவது அதனால்தான். இருபது மில்லிமீட்டர் மெல்லிய பலகையாவது அங்கே வேண்டும்.

அப்புறம் நாங்களும் சும்மா இருப்பதில்லையே. காலையில் புட்டு அவிக்கிறோம், மத்தியானம் சோறு, உடுப்பு ரேடியேட்டரில். அவ்வளவு நீராவியும் முன்பு ஏதோ இடுக்கால் போனது. இப்போது இடுக்கையும் அடைக்கிறோம். குசினி ஃபேன் அடுப்புக்கு நேர் மேலே என்றால் நொடிக்கு 30 லிட்டர் காற்றை வெளியே இழுக்க வேண்டும், குளியலறைக்கு 15. ஒரு டிஷ்யூத் தாளை ஃபேனில் ஒட்டிப் பாருங்கள். நிற்காமல் விழுந்தால் அது வெறும் சத்தம்தான்.

என் வீட்டுக்கு நான் என்ன செய்கிறேன் என்றால், முதலில் வழிந்து சுவரை நனைக்கிற பீலியைத் திருத்துவது, பிறகு அந்தச் சீமெந்தைச் சுரண்டி எடுத்துச் சுண்ணாம்பு. பிறகு காயவிடுவேன். ஒரு அங்குலத்துக்கு ஒரு மாதம் என்பது பழைய கட்டடக்காரர்களின் கணக்கு, 9 அங்குலத்துக்கு 9 மாதம். மனைவி சிரிக்கிறார், பரவாயில்லை. பலகையும் ஃபோம் வேண்டாம், ஈரத்தை வெளியே விடுகிற மரநார்ப் பலகையும் சுண்ணாம்புப் பூச்சும். விலை கூடத்தான். முன்பக்கத்தைத் தொடவே போவதில்லை. பழமைக்காகப் பாதுகாக்கப்பட்ட தெரு என்றால் கவுன்சில் அனுமதியும் வேண்டும்.

உங்களிடம் வருகிற ஆளிடம் கூரையோரம், யன்னல் விளிம்பு, ஏர் பிரிக், காஸ் குழாய், இந்த நாலையும் எப்படி முடிப்பீர்கள் என்று வரைந்து காட்டச் சொல்லுங்கள். "அதெல்லாம் பாத்துக்கொள்ளுவம்" என்றால் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுங்கள். பூச்சுக்கு முன் ஒவ்வொரு சுவரையும் படம் எடுத்து வையுங்கள். 25 வருட உத்தரவாதப் பத்திரம் உங்கள் பெயரில் கைக்கு வரும்வரை கடைசிக் கையெழுத்துப் போடாதீர்கள்.

சரி, மழை பிடித்துவிட்டது. பீலி எங்கே வழிகிறது என்று பார்க்க இதைவிட நல்ல நேரம் இல்லை. கேமராவை உள்ளே வைத்துவிட்டு வருகிறேன்.