பட்டா தேடினால் பட்டா மட்டும் வரட்டும்: விளம்பரத் தடுப்பு எக்ஸ்டென்ஷன்

[திரையில்: ஆண்ட்ராய்டு போன். தேடல் பெட்டியில் 'பட்டா சிட்டா']

வணக்கம். அம்பாசமுத்திரம் பக்கம் அரை ஏக்கர் வயல் வைத்திருக்கும் ஒரு அண்ணாச்சி, பட்டா பார்க்கப் போனை எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அரசுத் தளத்தில் அதைப் பார்க்கக் காசு கிடையாது. ஆனால் தேடியதும் முதலில் வந்து நிற்பது விளம்பரமாக இருக்கலாம். தொட்டால் வேறு ஏதோ பக்கம். பச்சைப் பச்சையாக 'டவுன்லோட்' பொத்தான்கள், நடுவே 'உங்கள் போனில் வைரஸ்' என்று ஒரு மிரட்டல். பயந்துபோய் அதைத் தொடுகிறவர்கள் நம் வீட்டுப் பெரியவர்கள்தான். இந்த வீடியோ அவர்களுக்காக. விளம்பரங்களைத் தடுக்கும் 'யூபிளாக் ஆரிஜின்' என்ற எக்ஸ்டென்ஷன், அதாவது பிரவுசரோடு சேர்த்துக்கொள்ளும் சின்ன நிரல், அதைப் போடுவது எப்படி என்று பார்ப்போம்.

[திரையில்: அதே பக்கம், யூபிளாக் ஆரிஜின் போட்ட பிறகு]

ஒரு பக்கத்தைத் திறந்தால், பிரவுசர் அந்தத் தளத்தோடு மட்டும் பேசுவதில்லை. விளம்பரக் கம்பெனிகள், நம்மை வேவு பார்க்கிறவர்கள் என்று பல சர்வர்களிலிருந்து ஸ்கிரிப்டுகளை இழுத்து வருகிறது. ஸ்கிரிப்ட் என்றால் உங்கள் போனுக்குள் ஓடும் நிரல். பிரவுசர் அந்த சர்வர்களுக்கு அனுப்பும் ஒவ்வொரு கோரிக்கையையும் எக்ஸ்டென்ஷன் ஈஸிலிஸ்ட் போன்ற தடுப்புப் பட்டியலோடு ஒப்பிடும். பட்டியலில் இருந்தால் கோரிக்கை கிளம்பவே கிளம்பாது. அதனால் டேட்டாவும் மிச்சம். பாபநாசம் தாண்டி மலை ஏறும்போது சிக்னல் தேய்ந்துவிடும் இல்லையா, அங்கே இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

இது வெறும் வசதிக்கான விஷயம் இல்லை. தேடல் விளம்பரங்களில் போலித் தளங்கள் வருகின்றன, தேடும்போது விளம்பரத் தடுப்பானைப் பயன்படுத்துங்கள் என்று அமெரிக்காவின் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ 2022 டிசம்பரில் மக்களுக்கே அறிவுறுத்தியது.

[திரையில்: ஃபயர்ஃபாக்ஸ் மெனு, எக்ஸ்டென்ஷன்கள்]

ஆண்ட்ராய்டு குரோமில் எக்ஸ்டென்ஷன் போட முடியாது. ஃபயர்ஃபாக்ஸை இறக்குங்கள். மெனுவில் எக்ஸ்டென்ஷன்கள் பகுதிக்குப் போய் 'யூபிளாக் ஆரிஜின்' சேருங்கள். 'ஆரிஜின்' என்ற சொல் இருக்கிறதா, உருவாக்கியவர் ரேமண்ட் ஹில் என்று இருக்கிறதா, இரண்டையும் பாருங்கள். வெறும் 'யூபிளாக்' என்பது வேறு.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், சேர்க்கும்போது 'எல்லாத் தளங்களிலும் உங்கள் தரவை அணுகும்' என்று அனுமதி கேட்கும். பெரிய அனுமதி அது. பேர் தெரியாத தடுப்பானுக்கு இதைக் கொடுப்பது, திருடனைக் கூப்பிட்டு வீட்டுச் சாவியைக் கொடுத்த மாதிரி. ஆரிஜினின் மூல நிரல் திறந்தே கிடக்கிறது, யாரும் படித்துப் பார்க்கலாம். ரேமண்ட் ஹில் நன்கொடைகூட வாங்குவதில்லை. எனக்கு அந்த மனிதர் மேல் பெரிய மரியாதை உண்டு.

கம்ப்யூட்டரில் குரோம் வைத்திருந்தால் 'யூபிளாக் ஆரிஜின் லைட்' மட்டும்தான். பழைய முறை எக்ஸ்டென்ஷன்களை 2024-லிருந்து குரோம் படிப்படியாக நிறுத்திவிட்டது. லைட் பரவாயில்லை, ஆனால் முழு பலம் ஃபயர்ஃபாக்ஸில்தான். பாளையங்கோட்டை, வண்ணாரப்பேட்டையில் பிரவுசிங் சென்டர் வைத்திருப்பவர்களே, தயவுசெய்து எல்லா மெஷினிலும் ஃபயர்ஃபாக்ஸும் யூபிளாக் ஆரிஜினும் போட்டு வையுங்கள். ஆதார் எண்ணைத் தட்டுகிற இடம் அது.

[திரையில்: எக்ஸ்டென்ஷன் ஐகானைத் தொட்டதும் வரும் பெட்டி]

நடுவில் பெரிய பவர் பொத்தான். ஏதாவது தளம் சரியாகத் திறக்கவில்லையா? அதைத் தொட்டுவிட்டுப் பக்கத்தை மறுபடி ஏற்றுங்கள், அந்தத் தளத்துக்கு மட்டும் தடுப்பு நின்றுவிடும். விளம்பர வருமானத்தில் நடக்கும், நீங்கள் விரும்பிப் படிக்கும் சின்னத் தமிழ்த் தளங்களுக்கு இதைச் செய்யுங்கள் என்பேன். எழுதுகிறவர்களும் சாப்பிட வேண்டும்.

கீழே கோண அடைப்பு இரண்டுக்கு நடுவே ஒரு சாய்ந்த கோடு தெரிகிறதா? அது அந்தத் தளத்தின் ஜாவாஸ்கிரிப்டையே, அதாவது பக்கத்துக்குள் ஓடும் ஸ்கிரிப்டுகளையே, நிறுத்தும். எழுத்து மட்டும் போதும் என்கிற செய்திப் பக்கத்துக்கு அருமை. பேங்க் தளத்தில் தொடாதீர்கள், உள்ளேயே போக முடியாது.

யூடியூப் ஆப், ஃபேஸ்புக் ஆப் விளம்பரங்களை இது தொடாது. பிரவுசருக்குள் மட்டும்தான் வேலை. ஓடிபி கேட்டு வரும் போன் அழைப்பையும் தடுக்காது. பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

கடைசியாக ஒன்று, இதை விட்டால் மேலே செய்தது பாதி வீண். வாட்ஸ்அப்பில் வரும் லிங்க் போனின் இயல்பான பிரவுசரில்தான் திறக்கும். செட்டிங்ஸில் ஆப்ஸ், அதில் டீஃபால்ட் ஆப்ஸ், பிரவுசர் ஆப். அங்கே குரோமை மாற்றி ஃபயர்ஃபாக்ஸ் வையுங்கள். அப்பா, அம்மா போனிலும்.