வாசல் வழியாக வாருங்கள்

அன்பான உறவுகளே, வணக்கம்.

ஆகஸ்டில் நான் ஹட்சன் விரிகுடாக் கரையில் ஒரு வாரம் தங்கிவிட்டு வந்தது உங்களில் பலருக்குத் தெரியும். வந்ததும் கனபேர் கேட்டது ஒரே கேள்விதான்: "ஒன்றுமில்லாத இடத்தில் ஏழு நாள் என்ன செய்தீர்கள்?" அந்த "ஒன்றுமில்லாத" என்ற சொல் எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் இன்றைக்குப் பேச ஒத்துக்கொண்டேன்.

முதலில் போகும் வழி. கனடாவின் மானிடோபா மாகாணத்தின் வடக்கே, விரிகுடாக் கரையில் சர்ச்சில் என்று ஓர் ஊர். 2021 கணக்கெடுப்பின்படி 870 பேர். வெளியிலிருந்து அங்கே போகத் தெருவே கிடையாது. மாகாணத் தலைநகர் வின்னிபெக்கில் ரயில் ஏறினால் 1,700 கிலோமீட்டர், இரண்டு இரவுகள். 2017 வெள்ளம் தண்டவாளத்தை அரித்துக்கொண்டு போனபோது ஒன்றரை வருடத்துக்கு அந்த ரயிலும் இல்லை. சர்ச்சிலில் இறங்கி, சிறிய விமானத்தில் கரையோரமாக இன்னும் வடக்கே பறந்தால் எங்கள் விடுதி. மரத்தால் கட்டிய சில அறைகள், சுற்றிவர உயரமான கம்பிவேலி. வேலிக்குள் மனிதர்கள், வெளியே பனிக்கரடிகள்.

ஆனால் நாங்கள் தினமும் வெளியே போனோம். வண்டி இல்லை, நடைதான். முன்னால் ஒரு வழிகாட்டி, கடைசியில் இன்னொருவர், நடுவில் நாங்கள் வரிசையாக. இருவரிடமும் துப்பாக்கி இருந்தது. இருந்தாலும் அவர்கள் கை முதலில் போனது சட்டைப்பையில் கிடந்த இரண்டு கற்களுக்குத்தான். கரடி நெருங்கினால் கல்லோடு கல்லைத் தட்டுவார்கள். அந்தச் சத்தம் அதற்குப் பிடிக்காது, விலகிவிடும். பெரும்பாலும் அதுவே போதும் என்றார்கள்.

இரண்டாம் நாள் காலை. ஃபயர்வீட் என்று ஒரு செடி அந்தக் கரை முழுக்கப் பூத்துக் கிடக்கும், ஊதாவும் இளஞ்சிவப்பும் கலந்த நிறம், முழங்கால் உயரம். அந்தப் பூக்களுக்கு நடுவே வெளிர்மஞ்சளாக ஒரு பாறை. முன்னால் போனவர் கையைத் தூக்கினார், நின்றோம். பாறை தலையைத் தூக்கியது. எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தது. அப்புறம் வாயைத் திறந்து ஒரு நீண்ட கொட்டாவி விட்டது. நாக்கு கறுப்பு. அதைப் பார்த்ததும் ஏனோ எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறுபடியும் தலையை முன்னங்கால் மேல் வைத்துப் படுத்துக்கொண்டது.

சோம்பல் என்று நினைத்துவிடாதீர்கள். பனிக்கரடி கடல்நாயைப் பிடிப்பது கடல்மேல் உறைந்த பனியில் நின்றுதான். விரிகுடாவின் பனி கோடையில் முழுதாக உருகிவிடும், மறுபடி உறைய நவம்பர் ஆகும். அதுவரை தரையில் அதற்குச் சாப்பாடு என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை. ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு கிலோ உடம்பு குறையும். அசையாமல் கிடப்பதுதான் அந்த மாதங்களில் அதற்கு வேலை. 1980களோடு ஒப்பிட்டால் இந்தப் பட்டினிக்காலம் சுமார் மூன்று வாரம் நீண்டுவிட்டது. 1987இல் இந்த மேற்குக் கரையில் ஏறக்குறைய 1,200 கரடிகள் இருந்தன. 2021இல் வானிலிருந்து எண்ணிக் கணக்கிட்டபோது 618.

பெலூகா திமிங்கிலங்களையும் பார்த்தோம். வெள்ளை வெளேரென்று, முதுகில் துடுப்பு இல்லாமல், பக்கத்தில் சாம்பல்நிறக் குட்டியோடு. நீருக்குள் ஒலிவாங்கியை இறக்கினால் விசில், கீச்சு, கதவு கிறீச்சிடுவது போல ஒரு சத்தம். கழுத்தெலும்புகள் ஒட்டாமல் இருப்பதால் தலையைத் திருப்பி நம்மைப் பார்க்கும். அதைப் பற்றி மட்டும் ஒரு மணிநேரம் கதைக்கலாம், இன்றைக்கு வேண்டாம். நான் சொல்ல வந்தது ஒரு கல்வட்டத்தைப் பற்றி.

ஐந்தாம் நாள் கரையிலிருந்து உள்ளே நடந்தோம். அந்த நிலம் இன்னும் மேலெழுந்துகொண்டிருக்கிறது. ஒரு காலத்தில் அதன்மேல் கிலோமீட்டர் கணக்கான தடிப்பில் பனி உட்கார்ந்திருந்தது. சுமார் 8,000 ஆண்டுகளுக்கு முன் அது உருகி விலகியது. அமுக்கிய பாரம் போனதும் தரை மெல்ல மெல்ல நிமிர்கிறது, வருடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில். அதனால் பழைய கடற்கரைகள் ஒன்றன்பின் ஒன்றாக மேடுகளாக உள்ளே நிற்கின்றன. கடலுக்கு முதுகைக் காட்டி நடப்பது பழைய காலத்துக்குள் நடப்பது.

அப்படி ஒரு மேட்டில், செம்மஞ்சள் பாசி படிந்த கற்கள் வட்டமாகக் கிடந்தன. நான் நேராக அதற்குள் கால் வைக்கப் போனேன். வழிகாட்டி என் கையைப் பிடித்து நிறுத்தினார். "இது ஒரு வீடு. அந்தப் பக்கம் வாசல் இருக்கிறது, வாசல் வழியாக வாருங்கள்" என்றார். பார்த்தேன். வட்டத்தில் ஓரிடத்தில் மட்டும் கல் இல்லை, ஓர் ஆள் குனிந்து நுழையும் அளவு இடைவெளி. தோல்கூடாரத்தின் விளிம்பு காற்றில் தூக்காமல் இருக்க யாரோ ஒரு குடும்பம் வைத்த கற்கள். சுற்றிப்போய் அந்த வாசலால் நுழைந்து உட்கார்ந்தேன். உட்கார்ந்த இடத்திலிருந்து கடல் தெரிந்தது.

இனுயிட், டெனே, கிரீ என மூன்று பூர்வகுடி மக்களும் புழங்கிய பகுதி அது. அப்படியானால் இன்றைக்கு ஏன் இவ்வளவு வெறுமை? எல்லாம் தானாக நடந்ததில்லை. 1956இல் டெனேக்களில் ஒரு பிரிவினரான சாயிசி டெனே மக்களை அவர்கள் வாழ்ந்த லிட்டில் டக் லேக்கிலிருந்து அரசாங்கம் விமானத்தில் ஏற்றிக் கொண்டுவந்து சர்ச்சில் கரையில் இறக்கியது. கரிபு மான்களை அளவுக்கு மீறிக் கொல்கிறார்கள் என்பது அன்று சொன்ன காரணம். அது தவறு. இறக்கிய இடத்தில் குடியிருக்க வீடு இல்லை, வேட்டைக்கு வழி இல்லை. 1973இல் மிஞ்சியவர்கள் தாங்களாகவே புறப்பட்டு டாடூல் ஏரிக்கரைக்குப் போய்க் குடியேறும்வரை அவர்களில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு மக்கள் இறந்துபோனார்கள். அரசாங்கம் மன்னிப்புக் கேட்டது 2016இல். இடம்பெயர்வு என்றால் என்னவென்று இந்த அவைக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அதே சாயிசி டெனே மக்கள்தான் இன்று அயல் சமூகங்களைச் சேர்த்துக்கொண்டு சீல் ஆற்றுப் படுகையைக் காக்க முன்னிற்கிறார்கள். 50,000 சதுர கிலோமீட்டர். அணை கட்டப்படாத ஆறு. சர்ச்சிலுக்கு வடக்கே விரிகுடாவில் கலக்கிறது. அந்த மண்ணை விட்டுத் துரத்தப்பட்டவர்களே அதற்காக வாதாடுகிறார்கள்.

கடைசி நாள் காலை அந்தக் கரடி படுத்திருந்த இடத்துக்குப் போனோம். அது இல்லை. பூக்கள் அமுங்கி ஒரு பெரிய கிண்ணம் போல இருந்தது, விளிம்பில் இரண்டு வெள்ளை மயிர் ஒட்டிக்கொண்டிருந்தன.

இன்று நவம்பர் நடுப்பகுதி. கனடா பனிச்சேவை விரிகுடாவின் பனி வரைபடத்தை வெளியிடுகிறது. திறந்த தண்ணீர் அதில் நீலமாக இருக்கும். வீட்டுக்கு வந்ததிலிருந்து தினமும் காலையில் தேநீரோடு அதைத் திறந்து பார்க்கிறேன். இங்கே புறப்படுவதற்கு முன்பும் பார்த்தேன். அந்தக் கரை இன்னும் நீலமாகத்தான் இருக்கிறது.