சிம்ஸ் ஸ்பெகுலமும் மூன்று பெண்களும்: ஒரு மாணவியின் கேள்விக்குப் பதில்

அடுத்த கேள்வி, நர்சிங் படிக்கும் ஒரு தங்கையிடமிருந்து. "வகுப்பில், பிறப்புறுப்பின் உள்ளே பார்க்க உதவும் சிம்ஸ் ஸ்பெகுலம் என்ற கருவியைக் காட்டினார்கள். அந்த சிம்ஸ், அடிமைப் பெண்களுக்கு மயக்க மருந்தே கொடுக்காமல் ஆபரேஷன் செய்து பழகினார் என்று படித்தேன். உண்மையா? அந்தப் பெண்களும் குணமாக ஆசைப்பட்டிருப்பார்கள், அதில் தவறில்லை என்கிறாள் என் தோழி" என்று எழுதியிருக்கிறார்.

உண்மைதான் அம்மா. அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தின் மான்ட்கமரி ஊரில், 1845 முதல் 1849 வரை நடந்தது. மரியன் சிம்ஸ் என்ற மருத்துவர் தன் வீட்டு வளாகத்திலேயே ஒரு சின்ன மருத்துவமனை கட்டி, ஏறக்குறைய பன்னிரண்டு பெண்களை வைத்திருந்தார். அவர்களில் அனார்கா, பெட்ஸி, லூசி என்ற மூன்று பெயர்களை மட்டுமே அவர் எழுதி வைத்தார்.

அவர்களுக்கு இருந்த கஷ்டம் கொடுமையானது. பிரசவ வலி நாள்கணக்கில் நீண்டு, குழந்தையின் தலை இடுப்பெலும்பில் சிக்கிக்கொண்டால், நடுவில் நசுங்கும் சதைக்கு ரத்தம் போகாது, அது அழுகிவிடும். சிறுநீர்ப்பைக்கும் பிறப்புறுப்புக்கும் இடையில் ஓட்டை விழும். அப்புறம் இரவும் பகலும் சிறுநீர் கசிந்துகொண்டே இருக்கும். அனார்காவுக்கு அப்போது 17 வயதிருக்கும். மூன்று நாள் வலியில் கிடந்தவர்.

முதல் ஆபரேஷன் லூசிக்கு. முட்டி போட்டுக் குனிந்த நிலையில் அவர் இருக்க, பத்துப் பன்னிரண்டு மருத்துவர்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். சிறுநீர் வடிவதற்காக சிம்ஸ் உள்ளே ஒரு ஸ்பாஞ்சை வைத்தார். அது கல்லாக இறுகிப்போய், ரத்தத்தில் விஷம் ஏறி, லூசி செத்துப் பிழைத்தார். தேறி எழ இரண்டு மூன்று மாதம் ஆனது. அனார்காவுக்கு 30 முறை கத்தி வைத்தார்கள். 1849-இல் வெள்ளிக் கம்பியால் தையல் போட்ட பிறகுதான் அந்த ஓட்டை மூடியது.

மயக்க மருந்து விஷயத்தை நியாயமாகவே பார்ப்போம். பாஸ்டன் நகரில் ஈதர் என்ற மயக்க மருந்தைப் பலர் முன்னிலையில் கொடுத்துக் காட்டியது 1846 அக்டோபரில். லூசி அறுக்கப்பட்டபோது அது வரவில்லை, சரி. ஆனால் அதற்குப் பிறகும் சிம்ஸ் கொடுக்கவில்லை. ஆபரேஷன் முடிந்த பிறகு அபின் மட்டும் கொடுத்தார். பின்னாளில் ஒரு சொற்பொழிவில், மயக்க மருந்தின் சிரமத்துக்கும் ஆபத்துக்கும் ஈடாகச் சொல்லும் அளவுக்கு இந்த ஆபரேஷனில் வலி இல்லை என்றார். லூசி துடித்த துடிப்பைத் தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதியவரும் இதே மனிதர்தான். இதைப் படித்தபோது எனக்கு மனசு ஆறவே இல்லை.

இப்போது உங்கள் தோழி சொல்வதற்கு வருவோம். குணமாக அவர்கள் ஆசைப்பட்டிருக்கலாம். அந்த நோயோடு வாழும் எவருக்குத்தான் ஆசை இருக்காது? ஆனால் சிம்ஸ் யாரிடம் பேசி முடித்தார் என்று பாருங்கள். எஜமானர்களிடம்! தங்க வைக்கும் செலவை நான் பார்த்துக்கொள்கிறேன், இந்தப் பெண்களுக்கான வரியையும் துணிமணியையும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். மனுஷிக்கு வரி! சட்டத்தில் அவர்கள் சொத்து. பத்தாவது ஆபரேஷனுக்குப் பிறகு "போதும், இனி வேண்டாம்" என்று அனார்கா சொல்லியிருந்தால் அது செல்லுபடியாகி இருக்குமா? மறுக்க வழியில்லாத இடத்தில் சம்மதம் என்ற பேச்சுக்கே இடமில்லை என்பேன் நான்.

நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் நின்ற அவர் சிலையை 2018-இல் எடுத்துவிட்டார்கள். 2021-இல் மான்ட்கமரியிலேயே மிஷல் பிரவுடர் என்ற கலைஞர் அந்த மூன்று பெண்களுக்கும் உயரமான சிலைகள் வைத்தார்.

நீங்கள் நர்சிங் படிப்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். தோல்வி மேல் தோல்வி வந்ததும், சிம்ஸுக்கு உதவியாக நின்ற மருத்துவர்கள் விலகிப் போய்விட்டார்கள். அதனால் அந்தப் பெண்களுக்கே வேலையைக் கற்றுக்கொடுத்தார். ஒருத்தி மேஜையில் கிடக்கும்போது மற்றவர்கள் அவரைப் பிடித்துக்கொண்டு, கருவி எடுத்துக் கொடுத்து, பக்கத்தில் நின்றார்கள். அடுத்த முறை மேஜையில் கிடக்கப் போவது தாங்கள்தான் என்று தெரிந்தே நின்றார்கள்.