கழுத்து வலி மூணாம் நாள்கூட வரும், கையெழுத்து அன்னிக்கே கேப்பாங்க

எல்லாருக்கும் வணக்கங்க. பெங்களூர்ல மோட்டார் ஆக்சிடென்ட் கேஸ் நடத்துற வக்கீல் நான், பின்னாடி இருந்து வண்டி இடிச்சு கழுத்துல அடிபட்டா நஷ்டஈடு எப்படி கேக்கறதுன்னு பேச கூப்பிட்டிருக்காங்க. சில்க் போர்டு, ஹெப்பாள், ஓசூர் ரோடுன்னு பம்பர் ஒட்டி பம்பர் போற ஊர் நம்மது, இந்த மாதிரி இடி வாங்காத ஆளே கம்மி, ஆனா கழுத்துக்காக கிளைம் போட வர்றவங்க ரொம்ப கம்மி, எனக்கு அதுதான் வயித்தெரிச்சல்.

என்ன நடக்குதுன்னா, வண்டி சிக்னல்ல நிக்குது, பின்னாடி டமால்னு ஒரு இடி, சீட் உங்க முதுகை முன்னாடி தள்ளிடும், தலை மட்டும் அங்கேயே தங்கிடும், அப்புறம் வெடுக்குன்னு பின்னாடி போய் முன்னாடி வந்து விழும், எல்லாம் கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள. விப்லாஷ்னு சொல்வாங்க. பெரும்பாலும் எலும்பு உடையாது, தசையும் தசைநாரும்தான் இழுபடும், அதனால எக்ஸ்ரே நார்மல்னு வரும், பல பேருக்கு எம்ஆர்ஐ கூட நார்மல்தான். நிறைய பேருக்கு அன்னிக்கு வலியே தெரியாது.

அல்சூர்ல இருந்து ஒரு கேப் டிரைவர் அண்ணன் வந்தாரு. இடிச்சவன் அங்கேயே பம்பருக்குன்னு ரெண்டாயிரம் ரூபா குடுத்து, பானெட் மேல ஒரு வெள்ளைப் பேப்பரை வச்சு "எனக்கு எந்த அடியும் இல்ல, கம்ப்ளைன்ட் வேணாம்"னு எழுதி கையெழுத்து வாங்கிட்டான். மூணாம் நாள் காலையில படுக்கையில இருந்து தலையைத் தூக்க முடியல அவரால, பின்னந்தலையை ரெண்டு கையாலயும் தாங்கித்தான் எழுந்திருச்சிருக்காரு. கேஸ் போட்டா இன்சூரன்ஸ் வக்கீல் முதல்ல நீட்டுறது அந்தப் பேப்பரைத்தான். அதனால பம்பருக்கு காசு வாங்கினாலும் உடம்பைப் பத்தி ஒரு வரி கூட எழுதிக் குடுக்காதீங்க. பம்பர் வேற, உடம்பு வேற. இடிச்ச வண்டியோட தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ்ல இருந்துதான் உங்க கழுத்துக்கு பணம் வரணும்.

வலி ஆரம்பிச்ச உடனே ஆஸ்பத்திரி போங்க, "கார் ஆக்சிடென்ட்ல வந்த வலி"ன்னு வாய் திறந்து சொல்லி எம்எல்சி, அதாவது போலீஸ் சம்பந்தப்பட்ட கேஸ்னு பதிவு போடச் சொல்லுங்க, வெறும் கழுத்து வலின்னு ஓபி சீட்டுல எழுதிட்டா அப்புறம் ஆக்சிடென்ட்டோட முடிச்சு போடறது பெரும்பாடு. டிராஃபிக் ஸ்டேஷன்ல எஃப்ஐஆர் ஆகணும். அடுத்தது வூண்ட் சர்டிபிகேட், அதாவது டாக்டர் தர்ற காயச் சான்றிதழ், அதுல சிம்பிளா (சாதாரண காயமா) கிரீவஸா (கொடுங்காயமா)ன்னு எழுதுவாங்க, இந்த ஒரு வார்த்தையில நிறைய இருக்கு. பழைய ஐபிசில 20 நாள்னு இருந்தது, இப்ப பாரதிய நியாய சன்ஹிதா 116வது பிரிவுல 15 நாள், அதாவது 15 நாள் கடுமையான வலியில இருந்தாலோ வழக்கமான வேலையைச் செய்ய முடியாம போனாலோ அதுவும் கிரீவஸ்தான், எலும்பு முறிஞ்சிருக்கணும்னு கட்டாயம் இல்ல. மோட்டார் வாகனச் சட்டம் 164ல கிரீவஸ் காயத்துக்கு யார் தப்புன்னு நிரூபிக்காமலே இரண்டரை லட்சம் கேக்கலாம். அதனால லீவ் லெட்டர், பிசியோதெரபி பில், மாத்திரை சீட்டு எல்லாத்தையும் தேதி வாரியா எடுத்து வைங்க.

அதுக்கு மேல வேணும்னா அதே சட்டத்தோட 166வது பிரிவுல போகணும், அங்க எதிராளி கவனக்குறைவை காட்டணும். பின்னாடி இடிச்சவன் மேலதான் எப்பவும் முழுத் தப்புன்னு நினைக்காதீங்க, 2025ல கோயம்புத்தூர் கேஸ் ஒண்ணுல ஹைவேல சிக்னல் காட்டாம திடீர்னு நிறுத்தின கார்க்காரர் மேல 50 சதவீதம், பின்னாடி பைக்ல வந்து இடிச்ச பையன் மேல 20 சதவீதம், மீதி, கீழ விழுந்த அவன் மேல ஏறின பஸ் மேலன்னு சுப்ரீம் கோர்ட் பிரிச்சுது. தொகையைப் பொறுத்தவரை, டாக்டர் எத்தனை சதவீதம் டிஸபிலிட்டி எழுதறாருங்கறது மட்டும் கணக்கு இல்ல, அது உங்க பிழைப்பை எவ்வளவு பாதிக்குதுங்கறதுதான் கணக்குன்னு 2010ல சுப்ரீம் கோர்ட் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் தீர்ப்புல தெளிவா சொல்லிட்டாங்க. கேஷியருக்கும் கேப் டிரைவருக்கும் ஒரே பத்து சதவீதம்னு வைங்க, ரிவர்ஸ் எடுக்க கழுத்தைத் திருப்ப முடியாத டிரைவருக்கு நஷ்டம் பல மடங்கு, அதை நீங்கதான் கோர்ட்ல எடுத்துச் சொல்லணும்.

2022 ஏப்ரல்ல வந்த திருத்தப்படி ஆக்சிடென்ட் நடந்து 6 மாசத்துக்குள்ள பெட்டிஷன் போடணும். இதை எதிர்த்து சுப்ரீம் கோர்ட்ல கேஸ் இருக்கு, அதை நம்பி தள்ளிப் போடாதீங்க.

பொங்கலுக்கு ஊருக்குப் போறப்ப கிருஷ்ணகிரி பக்கம் இடி வாங்கினவங்க "அங்க போய் எப்படிங்க அலையறது"ன்னு விட்டுடறாங்க. வேணாங்க, நீங்க குடியிருக்கிற ஊர்லயே போடலாம்னு சட்டத்துலயே இருக்கு, நம்ம பெங்களூர் ஸ்மால் காசஸ் கோர்ட்லயே கேஸ் நடக்கும். எஃப்ஐஆர் காப்பியை மட்டும் அந்த ஊர் ஸ்டேஷன்ல மறக்காம வாங்கிட்டு வாங்க.