முறிகண்டிக் கச்சானும் மாமியின் ஒடியல் மாவும்

வணக்கம் உறவுகளே. இப்போது நான் நிற்பது ஏ9 வீதியில், முறிகண்டிப் பிள்ளையாருக்கு முன்னால். பின்னால் பாருங்கோ, யாழ்ப்பாண பஸ் ஒன்று வந்து நிற்கிறது, சனம் இறங்கிக் கால் கழுவி, தேங்காய் உடைத்து, கும்பிட்டுவிட்டு நேரே கச்சான், அதுதான் நிலக்கடலை, விற்கிற கடைக்குத்தான் வருகிறார்கள்.

கச்சான் எங்கே கிடைக்காது? கிளிநொச்சிச் சந்தையிலும் இருக்கிறது, வவுனியாவிலும் இருக்கிறது. ஆனாலும் கனடாவில் இருந்து வருகிறவருக்கு முறிகண்டிக் கச்சான்தான் வேண்டும். இதற்கு லேபலும் இல்லை, விளம்பரமும் இல்லை. போரால் இந்த வீதி பூட்டிக் கிடந்தது, 2002இல் திறந்தது, 2006இல் திரும்பப் பூட்டியது, இவ்வளவுக்கும் நடுவில் பயந்து பயந்து வந்தவர்கள் இங்கே இறங்கி "சரி, இனிப் பிள்ளையார் பார்த்துக்கொள்ளுவார்" என்று ஒரு மூச்சு விட்டார்களே, அந்த மூச்சோடு சேர்த்துத்தான் இந்தக் கச்சானை நினைவில் வைத்திருக்கிறார்கள்.

சனம் சுவையை மட்டுமல்ல, நினைவையும் சேர்த்துத்தான் வாங்குகிறது. கொகா கோலாவுக்கே இது ஒருமுறை பிடிபடவில்லை. 1985 ஏப்ரலில் சுவையை மாற்றினார்கள். கிட்டத்தட்ட 2 இலட்சம் பேருக்குக் குடிக்கக் கொடுத்து, புதுச் சுவைதான் நல்லது என்று கனபேர் சொன்ன பிறகுதான் மாற்றினார்கள். வெளியே வந்ததும் அமெரிக்காவில் சனம் கொதித்துப்போய் தொலைபேசி எடுத்துத் திட்டியது, 79 நாளில் பழையது திரும்பி வந்துவிட்டது. சின்ன வயதில் வீட்டாரோடு குடித்தது பழையதைத்தானே!

அப்புறம் எங்கட கதைக்கு வருவோம். மாமி ஒடியல் மா, அதாவது காயவைத்த பனங்கிழங்கு மா, அரைத்து விற்கிறா. லேபல் செய்து தந்தவர் அழுகிற பெண் ஒருவரின் படத்தைப் போட்டு, "போரால் பாதிக்கப்பட்டவர்களுக்குக் கைகொடுங்கள்" என்று கொட்டை எழுத்தில் அடித்திருந்தார். மாமி திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மா எப்ப அரைச்சதெண்டு ஒரு இடமும் போடேல்லையே" என்றா. எனக்கு நெஞ்சு சுட்டது. வன்னிச் சாமான் என்றாலே பரிதாபத்தை விற்கச் சொல்கிறார்கள், இரக்கப்பட்டு வாங்குகிறவர் ஒருமுறை வாங்குவார், அடுத்த மாதம் எதற்கு வருவார்? வாங்குகிறவருக்கும் ஒரு நினைவு இருக்கிறது, அதைத் தொடவேண்டும். மழை நாளில் முற்றத்தில் ஒடியல் கூழ்ப்பானை, நண்டு, பலாக்கொட்டை, பயற்றங்காய், பனையோலைப் பிளாவைக் கையில் பிடித்தபடி சுற்றிவர எல்லாரும். அது எங்கட வீடுகளில் நடந்தது, புலம்பெயர்ந்த பிள்ளைக்கும் சொல்லிக்கொடுக்கலாம். ஆனால் மா வண்டடித்திருந்தால் எந்த நினைவும் காப்பாற்றாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இதோ புதுப் பைக்கற், கிட்டக் காட்டுகிறேன். முன்னுக்கு ஒரு பிளா, நிரம்பக் கூழ். பின்னுக்கு, மாமி கேட்டபடி, அரைத்த திகதி.