திங்கட்கிழமை ஓபியில் என்ன மாறும்?

மூத்த மருத்துவர்களுக்கும், பயிற்சியில் இருக்கும் இளைய மருத்துவர்களுக்கும் வணக்கம்.

5 ஆண்டுகளில் 30 மணி நேரமாவது தொடர் மருத்துவக் கல்விக்கு ஒதுக்க வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நெறிமுறை சொல்கிறது. காலையில் இந்த மாநாட்டின் பதிவு மேசையில் கையெழுத்துப் போட்டபோதே அந்தக் கணக்கு ஏறத் தொடங்கிவிட்டது. ஓபிக்கு விடுப்புவிட்டு, காத்திருக்கும் நோயாளிகளை இன்னொரு நாள் வரச்சொல்லிவிட்டு வந்திருக்கிறோம். அவர்களுக்கு இந்த நாளால் என்ன கிடைக்கப்போகிறது என்று கேட்டுக்கொள்ளும் கடமை நமக்கு உண்டு.

இப்படிப்பட்ட கூட்டங்களால் மருத்துவர்களின் பழக்கம் மாறுகிறதா என்று பல சோதனைகளைத் திரட்டிப் பார்த்த காக்ரேன் ஆய்வு ஒன்று 2009-இல் வந்தது. செய்ய வேண்டிய சிகிச்சையைச் செய்வதில், கூட்டத்துக்குப் போனவர்கள் போகாதவர்களைவிட ஏறத்தாழ 6 சதவீதப் புள்ளிகள் முன்னே இருந்தார்கள். சிறிய எண்தான். ஆனால் ஒரு நாளைக்கு 80 பேர் வரும் ஓபியில் அது 5 பேர். விரிவுரையும் கலந்துரையாடலும் கலந்த கூட்டங்கள் கூடுதலாகப் பயன்பட்டன என்பதும் அதே ஆய்வில் உண்டு. நம் ஊர்க் கூட்டங்களில் குத்துவிளக்கும் பொன்னாடையும் அரை மணி நேரம் எடுத்துக்கொண்டால், முதலில் வெட்டப்படுவது கேள்வி நேரம். அமைப்பாளர்களை உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன்: வெட்ட வேண்டுமானால் பாராட்டுரையை வெட்டுங்கள்.

ஒரு ஸ்லைடை எப்படிப் பார்ப்பது என்பதற்கு எல்லோருக்கும் தெரிந்த ஒன்றையே எடுத்துக்கொள்வோம். 2015-இல் வந்த ஸ்பிரிண்ட் ஆய்வு. ரத்த அழுத்தத்தின் மேல் எண்ணை 140-க்குக் கீழே கொண்டுவந்தால் போதுமா, 120-க்குக் கீழே இறக்க வேண்டுமா என்பது கேள்வி. 9,361 பேர் சேர்ந்தார்கள். ஸ்லைடில் பெரிய எழுத்தில் வருவது ‘25 சதவீதம் குறைவு’. பொய் இல்லை. ஆனால் எதில் 25 சதவீதம்? மாரடைப்பு, பக்கவாதம், இதயச் செயலிழப்பு போன்றவை 120-க்குக் கீழே இறக்க முயன்ற தீவிரப் பிரிவில் 5.2 சதவீதம் பேருக்கும், 140-ஐ இலக்காக வைத்த வழக்கமான பிரிவில் 6.8 சதவீதம் பேருக்கும் வந்தன. வித்தியாசம் 1.6. அதாவது சுமார் மூன்றேகால் ஆண்டுகள் 61 பேருக்கு 120-ஐ இலக்காக வைத்து மருந்து கொடுத்தால் ஒருவர் தப்புகிறார். அதற்காகச் சராசரியாக ஒரு மருந்து கூடுதலாகத் தேவைப்பட்டது. வழக்கமான பிரிவில் 1.8, தீவிரப் பிரிவில் 2.8. அழுத்தம் அதிகமாக இறங்குவது, மயக்கம், சோடியம் குறைவு, திடீர் சிறுநீரகப் பாதிப்பு ஆகியவையும் கூடின. இத்தனையும் தெரிந்தபிறகு, தனியாக வாழும் 78 வயதுப் பாட்டிக்கு என்ன செய்வது என்று நீங்களே முடிவெடுக்கலாம். வெறும் 25-ஐ வைத்துக்கொண்டு எடுக்க முடியாது.

அடுத்து, யாரைச் சேர்க்கவில்லை என்று பாருங்கள். ஸ்பிரிண்டில் நீரிழிவுக்காரர்கள் இல்லை. ஏற்கெனவே பக்கவாதம் வந்தவர்களும் இல்லை. நம் ஓபியில் அழுத்தத்துக்கு மருந்து வாங்குபவர்களில் நீரிழிவு இல்லாதவர் எத்தனை பேர்? நீரிழிவுக்காரர்களிடம் இதே கேள்வியைக் கேட்ட 2010-ஆம் ஆண்டு அக்கார்ட் ஆய்வு தெளிவான பலனைக் காட்டவில்லை. 2024-இல் சீனாவிலிருந்து வந்த பிப்ரோட் ஆய்வு காட்டியது. பேச்சாளர் ஒன்றைச் சொல்லி மற்றதை விட்டால் எழுந்து கேளுங்கள். அது அவமரியாதை ஆகாது.

மூன்றாவது கேள்விதான் பெரும்பாலும் யாரும் கேட்காதது: அழுத்தத்தை எப்படி அளந்தார்கள்? 5 நிமிடம் அமைதியாக உட்காரவைத்து, தானியங்கிக் கருவியில் 3 முறை எடுத்துச் சராசரி பார்த்தார்கள். நம் ஓபியில் நோயாளி படியேறி வருகிறார், மூச்சு வாங்குகிறது, கையைத் தொங்கவிட்டபடியே பேசுகிறார், ஒரே முறை அளக்கிறோம். கை மடியில் கிடந்தால் மேல் அழுத்தம் சுமார் 4 மில்லிமீட்டரும், பக்கவாட்டில் தொங்கினால் 6.5 மில்லிமீட்டரும் கூடுதலாகக் காட்டும் என்று 2024-இல் ஒரு சோதனை அளந்தே சொல்லிவிட்டது. கையில் சுற்றும் பட்டையான கஃப் இன்னும் மோசம். மிகப் பெரிய கஃப் தேவைப்படும் பருமனான கைக்குச் சாதாரண கஃப் போட்டால் 19.5 மில்லிமீட்டர் கூடும். சிறிய கஃப் தேவைப்படும் ஒல்லியான கைக்கு அதே கஃப் 3.6 குறைத்துக் காட்டும். இது 2023-இல் தெரிந்தது. இப்படி அளந்த எண்ணை வைத்து 120-ஐத் துரத்தினால், தேவையில்லாதவருக்கு மாத்திரை கூடும், தேவைப்படுபவர் விடுபடுவார்.

ஆகவே இந்த மாநாட்டிலிருந்து ஒரே ஒரு மாற்றத்தை எடுத்துப்போங்கள். பத்து எடுத்துப்போனால் பத்தும் செவ்வாய்க்கிழமைக்குள் கரைந்துவிடும். உதாரணமாக, ‘முதல் அளவு 140-க்கு மேல் இருந்தால் 5 நிமிடம் உட்காரவைத்து மீண்டும் இரு முறை அளப்போம், முதுகுக்குச் சாய்மானம், கை இதய மட்டத்தில், கால்மேல் கால் இல்லை, பேச்சு இல்லை’. மருந்து மாற்றுவதைவிட இது எளிது என்று தோன்றும். இல்லை. அளப்பவர் பெரும்பாலும் சிஸ்டர்; அவர் இந்த அரங்கில் இல்லை. அவரோடு உட்கார்ந்து பேசாவிட்டால் முதல் நாளே நின்றுவிடும். மேசையருகே முதுகுச் சாய்மானமுள்ள நாற்காலி ஒன்றும் மூன்று அளவு கஃபும் இல்லாவிட்டாலும் நின்றுவிடும். கூட்டம் மிகும் நேரத்தில் அந்த 5 நிமிடம் எங்கே கிடைக்கும் என்பதையும் முன்பே யோசியுங்கள். மருந்தகத்துக்கு எதிரே ஒரு பெஞ்ச் போட்டாலும் போதும்.

மாறியதா என்று பார்க்க ஆய்வு நிதி தேவையில்லை. அழுத்த நோயாளிகளின் 20 பழைய சீட்டுகளை எடுங்கள், இரண்டாவது அளவு எத்தனையில் பதிவாகியிருக்கிறது என்று எண்ணுங்கள். 3 மாதம் கழித்து இன்னொரு 20.

வெளியே ஸ்டால்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மருந்து நிறுவனங்களிடமிருந்து பரிசும் பயணச் செலவும் வாங்கக் கூடாது என்பது 2009-இலேயே மருத்துவர்களின் நெறிமுறையில் சேர்ந்தது; 2024-இல் நிறுவனங்களுக்கான விதிமுறையும் அதையே சொன்னது. ஸ்டாலுக்குப் போங்கள். ஆனால் அங்கே தரும் துண்டறிக்கையிலும் ‘எதில் எத்தனை சதவீதம், யாரைச் சேர்க்கவில்லை, எப்படி அளந்தார்கள்’ என்ற அதே மூன்று கேள்விகளைப் போடுங்கள்.

அடுத்த அமர்வுக்கு 10 நிமிடம் இருக்கிறது. பையில் இருக்கும் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் நீங்கள் மாற்றப்போவதை எழுதுங்கள். கீழே சிஸ்டரின் பெயர், தொடங்கும் தேதி, 20 சீட்டுகளை எண்ணும் தேதி. நன்றி, வணக்கம்.