கல் ஓயாவில் பிரியும் தண்டவாளம்

வணக்கம் உறவுகளே. நான் இப்போது கல் ஓயாச் சந்திப் புகையிரத நிலையத்தில் நிற்கிறேன். திருகோணமலையில் ஏறி, சீனக்குடா, தம்பலகாமம், கந்தளாய் எல்லாம் தாண்டிச் சுமார் 70 கிலோமீட்டர் வந்திருக்கிறேன். இரவு ரயிலில் கொழும்புக்குப் போகும் நம்மவர்கள் பலர் இந்த இடத்தைத் தூக்கத்திலேயே கடந்துவிடுவார்கள். எனக்கோ சிறு வயதிலிருந்தே இங்கே இறங்கிப் பார்க்க ஆசை.

அதோ பாருங்கள். கொழும்பிலிருந்து, மாகோ வழியாக வரும் தண்டவாளம் இங்கே இரண்டாகிறது. இடப்பக்கம் வளைவது நம் ஊரான திருகோணமலைக்கு. மற்றது மின்னேரியா, பொலன்னறுவை வழியாக மட்டக்களப்புக்கு. நமக்கு ரயில் வந்தது 1927இல், மட்டக்களப்புக்கு 1928இல். அந்தக் காலத்தில் இதை இலகு ரயில் பாதை என்றார்கள். பெயரைக் கேட்டுச் சிறிய ரயில் என்று எண்ணிவிடாதீர்கள். காலிக்குப் போகும் பாதையின் அதே 1,676 மில்லிமீட்டர் அகலம்தான் இதற்கும்.

ரயிலை என் அம்மம்மா கோச்சி என்றுதான் சொல்வார். கொழும்பிலிருந்து ஒரே ரயிலாக வரும் பெட்டிகளை நள்ளிரவில் இங்கே கழற்றிப் பிரிப்பார்களாம். பாதி நமக்கு, பாதி மட்டக்களப்புக்கு. ஏறும்போதே எந்தப் பெட்டி என்று இரண்டு தடவை விசாரித்துவிட்டுத்தான் அவர் உட்காருவாராம். பெட்டி மாறித் தூங்கிப்போனால் விடியும்போது மட்டக்களப்பு வாவிக்கரையில் இருப்போமே! பெட்டிகள் இடித்துக்கொள்ளும் அந்தச் சத்தத்தை அவர் கையைத் தட்டிக் காட்டுவார். அந்தச் சத்தம் எழுந்த இடத்தில் நிற்கிறேன் என்பதே எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

இன்னொன்றையும் யோசியுங்கள். திருகோணமலையும் மட்டக்களப்பும் ஒரே கரையில் இருக்கும் ஊர்கள். ஆனால் ரயிலில் போவதென்றால் கடலை விட்டுக் காட்டுக்குள் வந்து, இந்தச் சந்தியைத் தொட்டுவிட்டு, மறுபடி கடலுக்குப் போக வேண்டும். ஏறக்குறைய 200 கிலோமீட்டர். கரையோர வீதியிலும் முன்பு ஆறுகளையும் களப்புகளையும் பாதையில் ஏறித்தான் கடந்தோம். வாகனம் ஏற்றும் மிதவையை எங்கள் பக்கத்தில் பாதை என்போம். 396 மீட்டர் நீளக் கிண்ணியாப் பாலம் 2009இல்தான் திறந்தது. வீதி மாறிவிட்டது, தண்டவாளம் இன்றும் இந்தக் காட்டைச் சுற்றித்தான் போகிறது. அதனால்தான் சொல்கிறேன், இந்தச் சந்தியில் இரண்டு பக்க ரயில்களின் நேரமும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். கைக்குழந்தையோடு வருபவருக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை.

வேகத்தைக் கூட்டச் சொல்லி மட்டும் நான் கேட்கமாட்டேன். 2025 பெப்ரவரியில் ஹபரணைப் பக்கம் பயணிகள் ரயில் மோதி ஆறு யானைகள் இறந்தன. இது அவற்றின் காடு. நாம் அரை மணி நேரம் பிந்திப் போய்ச் சேரலாம்.

உங்கள் வீட்டில் அந்தப் பிரிந்த பெட்டிகளில் பயணித்த பெரியவர்கள் இருந்தால் கேட்டுக் கீழே எழுதுங்கள். பெட்டி கழற்றும் நேரத்தில் இந்த மேடையில் தேநீர் விற்றார்களா என்று அம்மம்மாவிடம் கேட்காமல் விட்டுவிட்டேன்.